பெரிய டிவிக்கு எத்தனை அடி தூரம்

என் அறையை டிவிக்குக் கொடுத்துவிடலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது என் கையில் கத்திரிக்கோல் இருந்தது. ஒரு கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டுக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தேன். நல்லவேளை, பட்டுத் துணியாகப் போயிற்று. சாதாரணக் காட்டன் துணியாக இருந்திருந்தால் அப்படியே சுருட்டி அவர் மேல் எறிந்திருப்பேன். பட்டு என்பதால் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டுத்தான் திரும்பினேன்.

"என்னா சொன்னீங்க?"

"கோவப்படாத அமிர்தம். யோசிச்சித்தான் சொல்றேன். ஹாலுக்கும் உன் ரூமுக்கும் நடுவுல வர்ற செவுர எடுத்துட்டா ஒரே நீளமா பெரிய ஹாலா ஆயிடும். டிவி பாக்க சௌகரியமா இருக்கும்."

"அப்ப நானு?"

"நீயும் அங்கியே ஒரு ஓரமா மிஷினப் போட்டுகினு தை. இப்ப தைக்கலியா?"

இப்ப தைக்கலியா! கேட்டீர்களா அந்த வார்த்தையை? எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது.

இப்போது எப்படித் தைக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். இவர் பெயர் குழந்தைவேல். நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் ஆபரேட்டர். எங்கள் மகள் இளவேனில் கைக்குழந்தையாக இருந்தபோது இந்த டவுன்ஷிப் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்தோம். அவளுக்கே இப்போது ஒரு குழந்தை இருக்கிறது, ஓசூரில். அன்றிலிருந்து இன்றுவரை ஹாலில் ஜன்னலோரம்தான் என் மிஷின். அதே ஹாலில்தான் டிவி, சாப்பாடு, வருகிறவர் போகிறவர் எல்லாம். அளவு கொடுக்கப் பெண்கள் வந்தால் "ஏங்க" என்று ஒரு குரல் கொடுப்பேன். இவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய் மரத்தடியில் நிற்பார். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுக் கண் எரிச்சலோடு உட்கார்ந்திருந்தாலும் போய்த்தான் ஆக வேண்டும். ஒருநாள் ஷிஃப்ட் சீக்கிரம் விட்டு இவர் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே நுழைய, அளவு கொடுத்துக்கொண்டிருந்த டீச்சரம்மா புடவையை வாரிச் சுருட்டிக்கொண்டு சமையலறைக்கு ஓடினார்கள். அந்த டீச்சரம்மா அதற்கப்புறம் என் வீட்டுப் படி ஏறவில்லை. அவர்களோடு சேர்ந்து நாலு டீச்சர்களும் போனார்கள்.

வாசலில் ஒரு போர்டு வைக்க முடியாது. இது கம்பெனி வீடு. தெரிந்தவர் தெரிந்தவரிடம் சொல்லி, அந்தச் சொல்லைக் கேட்டு வருகிறவர்கள்தான் என் வாடிக்கை. அப்படியே காலம் ஓடிவிட்டது.

இவருக்கு வருகிற ஏப்ரலோடு வேலை முடிகிறது. குவார்ட்டர்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மந்தாரக்குப்பத்தில் வாங்கிப் போட்டிருந்த மனையில் வீடு கட்ட ஆரம்பித்தோம். பிளான் போட்டவரிடம் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். ரோட்டைப் பார்த்து எனக்கு ஒரு அறை, அதற்குத் தெருப்பக்கம் தனிக் கதவு. சமையலறை எந்தப் பக்கம், சாமி மாடம் எந்தப் பக்கம் என்றெல்லாம் நான் வாயே திறக்கவில்லை. ஐம்பது தாண்டிய பிறகு எனக்கென்று ஒரு கதவு கிடைக்கப் போகிறது என்ற சந்தோஷத்தில் பிளான் பேப்பரை மடித்து மடித்துப் பார்த்து, மடிப்பிலேயே அது கிழிந்துவிட்டது. அந்த அறையைத்தான் இந்த மனிதர் டிவிக்குத் தாரை வார்க்கப் பார்க்கிறார்.

வினை தீபாவளிக்கே வந்துவிட்டது. கடலூருக்கு ஜவுளி எடுக்கப் போனவர், கடையிலிருந்தே எனக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, அறுபத்தைந்து இஞ்ச் டிவியோடு வந்தார். வீட்டுக்குப் பேஸ்மட்டம்கூட முடியவில்லை, அதற்குள் டிவி வந்துவிட்டது! காலி செய்யப் போகிற குவார்ட்டர்ஸ் சுவரில் ஓட்டை போடக் கூடாது என்று பெட்டியைப் பிரித்து ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, டிவியைப் போர்வையில் சுற்றிக் கட்டிலுக்குப் பின்னால் நிறுத்தி வைத்தார். அன்று முதல் ராத்திரி திரும்பிப் படுக்கும்போதெல்லாம் "பாத்து, கால் பட்டுடப் போவுது" என்பார். எனக்கு வந்த சக்களத்தி அது.

"சரி, உங்க டிவிக்கு எத்தினி அடி வேணும்? சொல்லுங்க, கேப்போம்" என்றேன்.

இவர் அதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார். இரும்பு டேப்பை எடுத்துவந்து டிவி மேஜையின் காலிலிருந்து தன் நாற்காலியின் கால்வரை இழுத்தார். எங்கள் பழைய முப்பத்திரண்டு இஞ்ச் டிவி ஹாலின் ஒரு மூலையில், பீரோவுக்குப் பக்கத்தில், சாய்வாக நிற்கும். அதற்கு நேர் எதிர் மூலையில் இவர் நாற்காலி. டப்பா டிவி காலத்திலிருந்தே கிட்டே உட்கார்ந்தால் கண் கெட்டுவிடும் என்பது இவர் கட்சி. இளவேனில் சின்னப் பிள்ளையாக டிவி முன்னால் குப்புறப் படுத்திருந்தால் இரண்டு காலையும் பிடித்துப் பின்னால் இழுத்துவிடுவார். அவள் படம் பார்த்தபடியே வழுக்கிக்கொண்டு வருவாள்.

"பதினாலு அடி" என்றார், டேப்பைக் காட்டி. "முப்பத்திரண்டு இஞ்சுக்கே பதினாலு அடி. அறுவத்தஞ்சுக்கு அதுல ரெண்டு பங்கு, இருவத்தெட்டு அடி வேணும். நான் அவ்வளவெல்லாம் கேக்கல. பெரிய மனசு பண்ணி பதினெட்டுல நிறுத்திக்கிறேன்."

புது வீட்டு ஹால் பத்தடி. என் அறை எட்டடி. பதினெட்டு! கணக்கு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள்.

ஆனால் பதினாலு என்ற எண் என்னை உறுத்தியது. இந்த ஹாலுக்கு நான் ஜன்னல் திரை தைத்திருக்கிறேன், தரைக்குப் பாய் வாங்கியிருக்கிறேன். பதினாலு அடிப் பாயை எங்கே விரிப்பது? என் இஞ்ச் டேப்பை எடுத்து ஜன்னல் சுவரோரமாக அளந்தேன். இரண்டு டேப் நீளம், சரியாகப் பத்தடி. அடுத்த சுவரையும் அளந்தேன். அதுவும் பத்தடி. பிறகுதான் புரிந்தது. இந்த மனிதர் மூலைக்கு மூலை குறுக்காக இழுத்து அளந்திருக்கிறார். சாய்வாக வைத்த டிவி, எதிர் மூலையில் நாற்காலி, அதற்கு நடுவில் டேப். அதுதான் ஹாலின் நீளமாம்!

"ஏங்க, கிராஸ்ல அளந்தா கூடத்தான் வரும். துணியில இந்த வேல பண்ணியிருந்தா என்னைக் கஸ்டமர் வெளக்குமாத்தால அடிப்பாங்க. ஹாலே பத்தடிதான்."

இவர் கொஞ்சமும் அசரவில்லை. "டிவியவே மூலைக்கு மூலதான் அளந்து அறுவத்தஞ்சுன்னு விக்கறான். அவன் அளந்தா சரி, நான் அளந்தா தப்பா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டால் தோற்றுப்போவேன் என்று சமையலறைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் பக்கத்து பிளாக் பன்னீர்செல்வம் அண்ணன் வந்தார். இவரோடு ஒரே ஷிஃப்ட். சந்தைக்கு எந்த டிவி வந்தாலும் டவுன்ஷிப்பில் முதலில் வாங்குகிறவர் அவர்தான். நான் டீயைக் கையில் கொடுத்ததும் கொடுக்காததுமாக விஷயத்தைப் போட்டு உடைத்தேன்.

"அண்ணே, நீங்க சொல்லுங்க. அறுவத்தஞ்சு இஞ்ச் டிவிக்கு எத்தினி அடி தள்ளி உக்காரணும்?"

"இதுல என்னா இருக்குது தங்கச்சி? டிவி எத்தினி இஞ்சோ அதுல ஒண்ணரை மடங்கு. அறுவத்தஞ்சுக்கு எட்டடி. ஒரு அடி முன்ன பின்ன இருக்கலாம், அது அவங்கவங்க கண்ணுக்கு எது சொகமோ அது. டப்பா டிவிதான் கிட்ட போனா கோடு கோடா தெரியும், தள்ளி உக்காரணும். இப்ப வர்றதுல புள்ளியே தெரியாது. பதினெட்டு அடி தள்ளி உக்காந்துகினு பாக்கறதுக்கு எதுக்குய்யா அவ்ளோ பெரிய டிவி? பழசையே பாத்துட்டுப் போவலாமே?" என்று இவர் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். "ஒண்ணு மட்டும் பாத்துக்க. ஆணிய உயரத்துல அடிச்சி சாமி படம் மாதிரி மாட்டிடாத. உக்காந்தா கண்ணுக்கு நேரா வரணும். இல்லன்னா கழுத்து போயிடும்."

"கேட்டீங்களா?" என்றேன். பத்தடி ஹாலே தாராளம் என்று ஊரறிந்த டிவிக்காரரே சொல்லிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று பன்னீர் அண்ணனுக்கு இரண்டாவது தடவை டீ போட்டுக் கொடுத்தேன்.

இவர் இரும்பு டேப்பை எடுத்து உள்ளே வைத்தார். ஒப்புக்கொண்டார் என்று நினைத்தேன். அங்கேதான் ஏமாந்தேன்.

சனிக்கிழமை மேஸ்திரி கொளஞ்சிநாதனுக்கு நான் போன் போட்டேன், திங்கட்கிழமை செங்கல் வேலை ஆரம்பிக்கிறார்களா என்று கேட்க. "ஆரம்பிக்கிறோம் அக்கா. வெளிச் செவுரு நாலும் வச்சிடுவோம். நடுச் செவுரு வேணாம், அத அப்பறம் சொல்றேன்னு அண்ணன் போன் பண்ணியிருந்தாரே. பில்லர் வூடுதானே, அந்தச் செவுரு இல்லன்னாலும் ஒண்ணும் ஆயிடாது" என்றார்.

எனக்குத் தெரியாமல் போன் பண்ணியிருக்கிறார். நேருக்கு நேர் சண்டை போட்டால்கூட மன்னித்திருப்பேன். இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாமல் இவர் ஒரு செருப்புகூட வாங்கியதில்லை. அறை போகிறதே என்பதைவிட அதுதான் வலித்தது. ஒரு நாள் முழுக்க இவரோடு பேசவில்லை. சோறு வைத்தேன், குழம்பு ஊற்றினேன், பேசவில்லை. ராத்திரி சீரியல் ஓடியது. வழக்கமாக நான் ஊசியைப் பார்த்துக்கொண்டு காதால் மட்டும் கேட்பேன். "யாருங்க அழறது?" என்பேன். "சின்ன மருமவ. மாமியாக்காரி கதவு பின்னால நின்னுகினு கேக்கறா" என்று இவர் சொல்லிக்கொண்டே வருவார். அன்று நான் கேட்கவில்லை. இவராகவே "மாமியா போயிட்டா" என்றார். நான் மிஷினை இன்னும் வேகமாக மிதித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவி வந்த அட்டைப் பெட்டியை எடுத்து, முன்பக்கத்தை டிவி அளவுக்கே கத்திரித்தேன். "கெளம்புங்க, சைட்டுக்கு" என்றேன். மறுபேச்சுப் பேசாமல் வண்டியை எடுத்தார். அட்டையைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்தேன். லாரி ஒன்று எதிரே வரும்போதெல்லாம் காற்று அட்டையில் அறைந்து, வண்டி ரோட்டைவிட்டு முந்திரிக்காட்டுப் பக்கம் இழுத்தது. "அத மடிச்சி வையேன்!" என்று இவர் கத்தினார். "மடிச்சா அளவு போயிடும்" என்று நானும் கத்தினேன்.

சைட்டில் பேஸ்மட்டம் நிரப்பி, மண்ணைத் தண்ணீர் விட்டு இடித்து வைத்திருந்தார்கள். மேலே சுண்ணாம்புக் கோடு. ஹால், சமையலறை, படுக்கையறை எல்லாம் கோடாகக் கிடந்தன. என் அறையின் கோடும் இருந்தது, ஒரு பக்கம் மட்டும் காலால் தேய்த்து அழித்த மாதிரி மங்கலாக. கொளஞ்சிநாதன் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். கோடாகப் பார்க்கும்போது எல்லா அறையும் தீப்பெட்டி போலத்தான் இருந்தது. "செவுரு எழும்பினாதான் அக்கா ரூமு பெருசா தெரியும், இப்ப பாத்து பயந்துடாதீங்க" என்றார்.

"நான் பயப்படறதுக்கு வரல மேஸ்திரி. உங்க அண்ணனுக்கு டிவி காட்ட வந்தேன்."

டிவி மாட்டப் போகிற சுவரின் கோட்டில் நின்று, அட்டையை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். "ஒரு நாற்காலி குடுங்க அவருக்கு. ஏங்க, எங்க உக்காந்தா உங்களுக்கு சௌகரியமா இருக்குதோ அங்க உக்காருங்க. இன்னிக்கு முடிவு பண்ணிட்டுத்தான் இந்த எடத்தவிட்டுப் போறோம்."

மேஸ்திரியின் பிளாஸ்டிக் நாற்காலியை எட்டடியில் போட்டு உட்கார்ந்தார். அட்டையைப் பார்த்தார். தலையை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பினார். "கிட்ட இருக்குது" என்றார்.

"பின்னால போங்க."

பத்தடியில் போட்டார். அழித்த கோடு நாற்காலிக் காலுக்கடியில் வந்தது. "ம்ஹூம்."

"இன்னும் போங்க. வெக்கப்படாதீங்க."

கோட்டைத் தாண்டினார். கொளஞ்சிநாதனுக்குச் சிரிப்பு. "அண்ணே, அது அக்கா ரூமு" என்றார். இவர் காதில் வாங்கவில்லை. என் அறைக்குள் நாற்காலியைப் போட்டார். உட்கார்ந்து பார்த்தார். எழுந்தார். இடதுபக்கம் வெறும் மண்ணைப் பார்த்தார். நாற்காலியை ஒரு முழம் வலப்பக்கம் நகர்த்தினார். மறுபடி உட்கார்ந்து இடதுபக்கம் பார்த்தார். அட்டையைப் பார்க்கவே இல்லை. நான் கை வலிக்கப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், இந்த மனிதர் மண்ணைப் பார்க்கிறார்.

"இங்கதான் நல்லா இருக்குது" என்றார்.

அட்டையை வீசி எறிந்துவிட்டு அவரிடம் போனேன். "நல்லா இருக்கும். ஏன் நல்லா இருக்காது? அது என் மிஷின் வர்ற எடம். ரோட்டு ஜன்னலுக்கு நேரா, வெளிச்சம் பாத்து நான் வச்ச எடம்."

"தெரியும். அதான் ஒரு முழம் தள்ளிப் போட்டேன். உன் காலு மிதிக்கறதுக்கு எடம் வேணாமா?"

எனக்குப் புரியவில்லை. டிவிக்கு நாற்காலி போடச் சொன்னால், என் மிஷினுக்கு இடம்விட்டு அதற்குப் பக்கத்தில் போட்டிருக்கிறார். "டிவி பாக்கறதுக்கு எத்தினி அடி வேணும்னுதானே பாக்க வந்தோம்? மிஷினுக்கும் அதுக்கும் என்னா சம்பந்தம்?"

இவர் மேஸ்திரியைப் பார்த்தார். கொளஞ்சிநாதன் விவரமானவர். செங்கல்லுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று ஹோஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"எளவேனில் பிரசவத்துக்கு நீ ஓசூரு போயி இருந்தல்ல" என்று ஆரம்பித்தார். "ஷிஃப்டு விட்டு வருவேன். டிவியப் போடுவேன். அது பாட்டுக்குக் கத்திகினு இருக்கும். ஆனா வூட்ல சத்தமே இல்ல. யாரு அழறதுன்னு கேக்கறதுக்கு ஆள் இல்ல. அஞ்சு நிமிசம் உக்கார முடியாது, அணைச்சிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் போயிடுவேன். இனிமே எனக்கு ஷிஃப்டும் இல்ல. நீ ரூமுக்குள்ள போயி கதவ சாத்திகினு தச்சிகினு இருப்ப. காலைல இருந்து ராத்திரி வரைக்கும் நான் ஒத்தையா அந்த ஹால்ல... நெனச்சிப் பாத்தாலே எனக்குப் பயமா இருக்குது அமிர்தம்."

பெல்ட் ஓடும் சத்தத்திலும் புழுதியிலும் முப்பது வருஷத்துக்கு மேல் நின்ற மனிதர். பயமாக இருக்கிறது என்று இவர் வாயால் நான் கேட்டதே இல்லை. எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் முதலில் வெளியே வந்தது.

"இத வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னா கேடு? இதுக்கா பதினெட்டு அடி, இருவத்தெட்டு அடின்னு கத வுட்டீங்க? எனக்குத் தெரியாம மேஸ்திரிக்கு வேற போனு!"

"சொன்னா நீ சிரிப்பன்னு பாத்தேன்."

"சிரிக்கத்தான் செய்வேன். சிரிச்சா என்னா?"

சிரிக்க முயன்றேன், வரவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் செங்கல் மேல் உட்கார்ந்தேன். ரோட்டில் மைன்ஸ் பஸ் ஒன்று போயிற்று. அறையை விட்டுக்கொடுத்துவிடலாமா என்று ஒரு கணம் மனம் இளகியது உண்மை. பாவம் என்று தோன்றியது. ஆனால் பாவம் பார்த்து விட்டுக்கொடுத்தால் ஆறு மாதத்தில் அது எனக்குள் புளித்துப் போகும், அளவு கொடுக்க ஆள் வரும்போதெல்லாம் இவர் மேல் எரிந்து விழுவேன். என்னை எனக்குத் தெரியாதா?

"இங்க பாருங்க" என்றேன். "எனக்கு நீங்களும் வேணும், செவுரும் வேணும். ரெண்டுல ஒண்ணுதான்னா நான் ஒத்துக்க மாட்டேன்."

"ரெண்டும் எப்பிடிம்மா முடியும்?"

"எழுந்திருக்காதீங்க. அங்கியே உக்காருங்க." அழிந்த கோட்டருகே போய் நின்றேன். இவர் கண்ணுக்கும் அட்டை கிடந்த இடத்துக்கும் நடுவில் கையை நீட்டிக் காட்டினேன். "மேஸ்திரி, வாங்க இங்க! செவுரு கோட்டு மேலயே எழும்பட்டும். இந்த எடத்துல மட்டும் அகலமா ஒரு தெறப்பு விடுங்க. கம்பி வேணாம், கதவு வேணாம். அவரு உக்காந்தா கண்ணுக்கு நேரா அந்தப் பக்கம் டிவி முழுசா தெரியணும்."

கொளஞ்சிநாதன் ஹோஸைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். இவர் கண் உயரத்தைத் தரையிலிருந்து அளந்தார். "ரெண்டரை அடியில ஆரம்பிச்சி லிண்டல் வரைக்கும் விட்டுடலாம் அக்கா. அஞ்சடி அகலம் வச்சா டிவி தாராளமா தெரியும். காத்தும் வரும்" என்றார். நான் அட்டையை எடுத்துக்கொண்டு போய் மறுபடி பிடித்தேன். மேஸ்திரி சுண்ணாம்புக் கோட்டில் இரண்டு கடப்பாரையை நட்டு, திறப்பின் இரண்டு ஓரத்தையும் காட்டினார். இவர் பார்த்தார்.

"தெரியுது" என்றார். "முழுசா தெரியுது." பிறகு சந்தேகத்தோடு, "பன்னீரு எட்டடின்னான். இது பதிமூணு வருமே?"

"பன்னீர் அண்ணன் பொண்டாட்டி தைக்கறவங்க இல்ல. நமக்கு இதான் தூரம். விருந்தாளி வந்தா ஹால்ல எட்டடியில உக்காரட்டும்."

அதோடு விடவில்லை, நிபந்தனையையும் அங்கேயே சொல்லிவிட்டேன். திறப்புக்குத் திரை உண்டு, திரையின் கயிறு என் பக்கம்தான். அளவு கொடுக்க ஆள் வந்தால் நான் கூப்பிடும்வரை காத்திருக்கக் கூடாது, தானே எழுந்து போய்விட வேண்டும். என் அறைக்குள் சும்மா உட்கார இடமில்லை. ஜாக்கெட்டுக்குக் கொக்கி கட்டித் தர வேண்டும்.

"கொக்கியா? நானா? பெல்ட்டு ஓட்டின கையி இது."

"பெல்ட்டு ஓட்டினா ஊசி ஓட்டக் கூடாதுன்னு சட்டமா?"

கொளஞ்சிநாதன் நாங்கள் நிற்கும்போதே அழிந்த கோட்டில் புதுச் சுண்ணாம்பு போட்டார். திங்கட்கிழமை முதல் வரிசை செங்கல் வைத்தபோது நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இவருக்கு அன்று ஷிஃப்ட். போன் பண்ணி, "நடுச் செவுரு வச்சிட்டாங்களா?" என்று கேட்டார். எனக்கு மனசு நிறைந்துபோயிற்று.

ஏப்ரலில் மைன்ஸில் இவருக்கு மாலை போட்டு வேலையிலிருந்து அனுப்பிவைத்தார்கள். வைகாசியில் குடிவந்தோம். டிவியைக் கண்ணுக்கு நேராக மாட்டினோம், பன்னீர் அண்ணனே ரசமட்டம் வைத்துப் பார்த்தார். முதல் வாரம் இவர் கட்டிய கொக்கியெல்லாம் கோணல். ஒரு ஜாக்கெட்டில் கொக்கி ஒரு உயரத்திலும் வளையம் வேறு உயரத்திலும் இருந்தது. போட்டுப் பார்த்த பெண் தோள் சரிந்து நின்றாள். நான் திட்டிய திட்டில் இவர் கோபித்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது கையில் புதுசாக ஒரு மூக்குக்கண்ணாடி இருந்தது. அதற்கப்புறம் கொக்கி நேரானது. இப்போது சீரியலில் யார் அழுகிறார்கள் என்று நான் கேட்டால், "இரு, இந்த முடிச்சப் போட்டுட்டு சொல்றேன்" என்கிறார். கதை தெரியாமல் நான் தவிக்க வேண்டியிருக்கிறது.

போன வாரம் ஒரு மத்தியானம். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, டிவியும் ஓடிக்கொண்டிருந்தது. இவர் தலையைத் தூக்கி ஜன்னல் வழியாகப் பார்த்தார். ரோட்டில் துணிப்பையோடு ஒரு பெண் வீட்டு நம்பரைத் தேடிக்கொண்டிருந்தாள். குறிஞ்சிப்பாடி பஸ்ஸில் வந்து இறங்கியவள் போலிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. இவரே ஊசியைத் துணியில் குத்தி வைத்தார், எழுந்தார், திரையை இழுத்துவிட்டார், தெருக் கதவைத் திறந்து வெளியே போனார்.

"சார், மைன்ஸ்ல வேல செஞ்சாரே குழந்தைவேல் சார், அவரு வூடு இதுங்களா? அவங்க வூட்ல ஜாக்கெட் தச்சிக் குடுக்கறாங்கன்னு சொன்னாங்க" என்று அந்தப் பெண் கேட்டது எனக்குக் கேட்டது.

"அவரு வூடு இல்லம்மா இது" என்றார் இவர். மிதித்த காலை நிறுத்தினேன். "இது டெய்லர் அமிர்தம் வூடு. நான் அவங்க வூட்டுக்காரன், குழந்தைவேலு. கொக்கி நான்தான் கட்றேன். உள்ள போம்மா, அவங்க தனியாதான் இருக்காங்க."

இவர் ஊசி குத்தி வைத்திருந்த துணியைப் பத்திரமாக மடித்து வைத்தேன். இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "வாம்மா" என்று கூப்பிட்டேன்.